மூட்டைப்பூச்சிக்குச் சூடு வைக்கும் முன்

மேன்ஷன் அறையிலும் ஹாஸ்டலிலும் முதல் வாடகை வீட்டிலும் மூட்டைப்பூச்சியால் தூக்கம் கெட்டுக் கிடக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். தங்கும் விடுதி ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் வேலையிலேயே எனக்குத் தலை நரைத்தது. மருந்து அடித்துத் தீராத பூச்சி சூட்டில் தீர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே சூட்டைக் கையாளத் தெரியாமல் கை வெந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பூச்சி சாக வேண்டும், உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இதில் இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

1. முதலில் வெட்கத்தை விடுங்கள். மூட்டைப்பூச்சி அழுக்கில் முளைப்பதில்லை. பயணப் பையில் ஏறி வரும், பழைய கட்டிலோடு வரும், பக்கத்து அறையின் சுவர் விரிசல் வழியாகவும் வரும். ரத்தம் குடிக்கும், அரிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். மனிதருக்கு நோயைப் பரப்புவதாக இதுவரை நிரூபணம் இல்லை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஒளித்து வைக்கும் ஒவ்வொரு வாரமும் அது பெருகுகிறது. பக்கத்து அறைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். உங்கள் அறையை மட்டும் சுத்தம் செய்தால் பத்தே நாளில் அடுத்த அறையிலிருந்து திரும்பி வரும்.

2. பூச்சி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டார்ச் அடித்து மெத்தைத் தையல், கட்டில் மூட்டு, ஸ்க்ரூ துளை, சுவரில் மாட்டிய காலண்டரின் பின்புறம் எல்லாம் பாருங்கள். கறுப்பு மைப்புள்ளி போன்ற எச்சமும், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை முட்டைகளும் இருந்தால் மூட்டைப்பூச்சிதான். கரையானுக்கு இந்த வைத்தியம் ஆகாது, அதன் புற்று மண்ணுக்குள் இருக்கிறது. தலைப்பேனுக்குச் சூடு வைக்க நினைக்கவே நினைக்காதீர்கள்.

3. எண்களை மனதில் வையுங்கள். 45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே 45-இல் முட்டை சாக ஏழு மணி நேரம் வேண்டும். 48 டிகிரியில் முட்டைக்கு ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல். 55-ஐத் தாண்டினால் முட்டை உட்பட எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: பொருளின் நடுப்பகுதியில், சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், 50 டிகிரிக்குக் குறையாமல் இரண்டு மணி நேரம். மேல்பக்கம் கையைச் சுட்டால் உள்ளே பூச்சி செத்திருக்கும் என்பது தப்புக் கணக்கு. நீளமான வயரின் முனையில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42, 43 டிகிரியோடு நின்றுவிடும், உதவாது.

4. மூட்டை கட்டுவதை அறைக்குள்ளேயே முடியுங்கள். துணியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினால் வழியெல்லாம் பூச்சியை விதைத்துக்கொண்டு போகிறீர்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அதற்குப் பிறகு தூக்குங்கள்.

5. நம் ஊருக்கு வெயிலே பெரிய கொடை. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடித் தளத்தில் கறுப்பு பாலித்தீன் பையை வைத்தால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். ஆனால் பையைப் பிதுங்கப் பிதுங்க அடைக்கக்கூடாது. லேசாக, தட்டையாக நிரப்பி, தெர்மாமீட்டர் சென்சாரை நடுவில் செருகிக் கட்டுங்கள். காலை பத்து மணிக்கு வைத்து, நண்பகலில் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். நடுப்பகுதி 50-ஐத் தொட்ட நேரத்திலிருந்துதான் இரண்டு மணிக் கணக்கு தொடங்கும். சட்டை, போர்வை, செருப்பு, புத்தகம், துணிப்பை இவற்றுக்கெல்லாம் இது போதும். மேகமூட்டமான நாளிலும் மார்கழியிலும் இதை நம்பாதீர்கள்.

6. மெத்தை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பஞ்சு மெத்தையை வெயிலில் விரித்துத் தட்டிவிட்டால் போதும் என்பது பழைய நம்பிக்கை. பஞ்சு சூட்டை உள்ளே விடாது. மேல்பக்கம் தொட முடியாமல் கொதிக்கும், தரையோடு ஒட்டிய அடிப்பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பூச்சி அடிப்பக்கம் இறங்கிச் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். கறுப்பு ஷீட்டில் சுற்றினாலும் தடித்த மெத்தையில் இதே கதைதான். மெத்தையின் தையலோரங்களுக்கு நீராவி கொடுத்து, பிறகு ஜிப் வைத்த முழு உறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள். உறையை ஒரு வருடமாவது கழற்ற வேண்டாம். இந்தப் பூச்சி சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். முடிந்தவர்கள் கோரைப்பாய்க்கு மாறிவிடலாம். பாயை வெயிலில் காயவைப்பது எளிது, ஒளிந்துகொள்ள இடமும் குறைவு.

7. கட்டிலுக்கு வெந்நீர் ஊற்றுவது நம் பாட்டிமார் காலத்து முறை. நல்ல முறைதான், ஆனால் அதற்கென்று ஒழுங்கு உண்டு. கட்டிலை வெளியே எடுத்துப் போடுங்கள். இரும்புக் கட்டிலுக்கும் நல்ல மரக்கட்டிலுக்கும் ஊற்றலாம். பிளைவுட் உப்பிப் போகும். கொதிக்கும் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். மூடியும் கைப்பிடியும் உள்ள கெட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய், மூட்டிலும் துளையிலும் பைப் காலின் உள்ளேயும் நின்று ஊற்றுங்கள். தெளித்தால் வழியிலேயே ஆறிவிடும். காலில் செருப்பு வேண்டும். சின்னக் குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கொட்டிவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, தோசைமாவு எதையும் பூச வேண்டாம். பெரிய புண்ணென்றால் 108.

8. துணிகளை 60 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் முட்டையும் பிழைக்காது. நம் வீடுகளில் இருக்கும் டாப்லோட் மெஷின்கள் பலவற்றில் தண்ணீரைச் சூடாக்கும் வசதி கிடையாது என்பதால் பக்கெட்டில்தான் செய்ய வேண்டியிருக்கும். அறைகளில் வாட்டர் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிறீர்கள். ராடு ஓடும்போது சூடு பார்க்க விரலை விட்டு உயிர் போனவர்கள் உண்டு. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். பட்டு, கம்பளி வேண்டாம், அவற்றுக்கு வெயில் பை.

9. நீராவி மெஷின் வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் அதுவே சிறந்த கருவி. அகலத் தலையைப் பொருத்துங்கள். குறுகிய முனை பூச்சியைக் கொல்லாமல் ஊதித் தள்ளிவிடும், முட்டையையும் சிதறடிக்கும். ஹேர் டிரையர் வேண்டாமென்று சொல்வதும் இதனால்தான். ஓர் அடி தூரத்தைக் கடக்கப் பதினைந்து விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் ஈரம்தான் மிஞ்சும். சுவிட்ச் போர்டு, பிளக் பாயின்ட் ஓரத்தில் நீராவி காட்டக்கூடாது. வேலை முடிந்ததும் மின்விசிறியைப் போட்டு மெத்தையை நன்றாக உலர்த்துங்கள்.

10. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அறையை மூடி உள்ளே எதையும் எரிக்காதீர்கள். கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், கற்பூரத் தட்டு எதுவும் கூடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் விடியும்போது இறந்து கிடந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதேபோல் கட்டில் இடுக்கில் பெட்ரோல், ஸ்பிரிட், மண்ணெண்ணெய் தடவிவிட்டுத் தீக்குச்சி காட்டும் பழக்கத்தையும் விடுங்கள். மெத்தை ஃபோம் பற்றிக்கொண்டால் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அறை முழுக்க நச்சுப்புகை சூழ்ந்துவிடும்.

11. ரூம் ஹீட்டர் வைத்து அறையையே சூடாக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வேண்டாம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். உங்கள் அறையில் இருப்பது 6 ஆம்பியர் பிளக் பாயின்ட். கன்வெர்ட்டர் போட்டு, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்தால் பூச்சிக்கு முன்னால் வயர் உருகும். செங்கல் சுவரும் சிமென்ட் தரையும் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் விரிசலுக்குள் தேவையான சூடு போய்ச் சேராது. பூச்சி சுவர் வழியாகப் பக்கத்து அறைக்கு நகர்ந்துவிடும். தொழிலாகச் செய்கிறவர்கள் பெரிய ஹீட்டரும் காற்றாடிகளும் பல இடங்களில் சென்சாரும் வைத்து, மணிக்கணக்கில் பக்கத்திலேயே நின்று செய்கிறார்கள். அதை ஒரு ஹீட்டரைக் கொண்டு வீட்டில் செய்ய முடியாது.

12. வெயில் பைக்குள் போகக்கூடாதவை: செல்போன், பவர் பேங்க், லைட்டர், டியோடரன்ட் ஸ்ப்ரே, சானிடைசர், மாத்திரை மருந்து, மெழுகுவத்தி. பையைக் கட்டும் முன் சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள்.

13. பூச்சிக்கொல்லியை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி வந்தபோது மூட்டைப்பூச்சி ஒழிந்ததென்றே உலகம் நினைத்தது. சில ஆண்டுகளிலேயே அதைத் தாங்கும் பூச்சிகள் தோன்றின. இன்று கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களின் பைரெத்ராய்டு மருந்தையும் பல இடங்களில் அவை தாங்கிக்கொள்கின்றன. சூட்டைத் தாங்கும் பூச்சி கிடையாது என்று நான் சொல்லமாட்டேன், 50 டிகிரியை முழு நேரமும் தாங்குவது கிடையாது. அரிசிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் படுக்கையறையில் வைத்துவிடாதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டால் அது பாஸ்பீன் வாயுவாக மாறி மனிதரைக் கொல்லும்.

14. பருப்பில் வண்டு விழுந்திருந்தாலும் வெயில் உதவும். கறுப்பு ஷீட்டில் மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி போன்ற தெளிவான பாலித்தீனால் மூடி ஓரங்களை அழுத்திவிடுங்கள். 57 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் பயறு வண்டு, உள்ளேயிருக்கும் புழு, முட்டை எல்லாம் முடியும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் கொட்டுங்கள், சூட்டோடு மூடினால் ஈரம் கட்டிப் பூசணம் வரும்.

15. ஒருமுறை செய்துவிட்டு முடிந்தது என்று படுக்காதீர்கள். நம் வெப்பத்தில் முட்டை ஆறிலிருந்து பத்து நாளுக்குள் பொரியும். பத்தாம் நாள் மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள், தென்பட்டால் மறுபடி செய்யுங்கள். இடையில் சுவர் விரிசலையும் ஆணித் துளையையும் வெள்ளை சிமென்ட்டால் அடையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு வராமல் அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

16. விடுதி நடத்துகிறவர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பூச்சி இருக்கிறதென்று வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டி அனுப்பாதீர்கள், காலி செய்யச் சொல்லாதீர்கள். பயத்தில் ஒளிக்கிற பிள்ளைகள்தான் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு தீப்பெட்டியை எடுக்கிறார்கள். விடுதிக்கு ஒரு நீராவி மெஷினும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி வையுங்கள், கேட்கிறவருக்கு வாடகையில்லாமல் கொடுங்கள்.