மீன் தொட்டியும் மூட்டு நோயும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை விலங்கியல் மாணவி

மீனுக்கு உணவிடுவது நம் ஊராருக்குப் புதிதன்று. கோயிற்குளத்துப் படியில் அமர்ந்து பொரி இறைக்காத பிள்ளைப் பருவம் திருவண்ணாமலையில் எவருக்கும் இருந்திராது. அந்த ஆசையை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் அப்பா. நான் பத்தாம் வகுப்புத் தேறியபோது, வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர் பெற்ற சென்னைக் கொளத்தூரிலிருந்து இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, பேருந்தில் மடியில் வைத்தபடியே கொண்டுவந்தார். சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் சற்றுக் கடினமானது. அது கப்பிக்கும் மோலிக்கும் நன்கு ஒத்துக்கொண்டது.

பதினெட்டாம் வயதில் எனக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்கா. பேனா பிடிக்க இயலாது. மூட்டு வலி கிழவர்களுக்கு உரியது என்று எண்ணியிருந்த என் தோழியருக்கு இது வியப்பாக இருந்தது. இது தேய்மானத்தால் வருவதன்று. தன்னுடல் தாக்கு நோய் வகையைச் சேர்ந்தது. வீட்டுக் காவற்காரனே வீட்டாரை அடிப்பது போல, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நம் மூட்டுகளைத் தாக்குகிறது. அதற்கு மருந்து அந்தக் காவற்காரனின் கையைக் கட்டுவதுதான். எனக்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், அன்றாடம் சிறிதளவு ப்ரெட்னிசோலோன். கை கட்டப்பட்ட காவற்காரன் திருடனையும் எளிதில் பிடிக்கமாட்டான் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறன்று தொட்டியைக் கழுவும்போது அலங்காரக் கல்லின் கூரிய முனை ஆள்காட்டி விரலில் கீறியது. கழுவிவிட்டு மறந்துபோனேன். மூன்று வாரம் கழித்து அவ்விடத்தில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு எழுந்தது. வலி அதிகம் இல்லை. முதலில் பார்த்த மருத்துவர், மூட்டு நோய்க்காரருக்கு இத்தகைய முடிச்சுகள் வருவது உண்டு என்று கூறி, ஸ்டீராய்டு அளவைச் சற்றுக் கூட்டினார். அவரைக் குறை கூற முடியாது. நான்தான் மீன் தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லையே! ஒரு மாதத்தில் மணிக்கட்டு வரை வரிசையாக மேலும் மூன்று முடிச்சுகள் தோன்றின. பின்னர் வேலூரில் பார்த்த மருத்துவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில் மீன் வளர்க்கிறாயா அம்மா?"

அந்தக் கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் மாரினம். காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் உறவினம். 1926ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா மீன் காட்சியகத்தின் மீன்களில் ஆரன்சன் என்பவர் இதைக் கண்டறிந்தார். 1951இல் சுவீடனில் நீச்சல் குளத்தில் குளித்தோரின் தோலில் இது காணப்பட்டது. வீட்டு மீன் தொட்டியாலும் வரும் என்பது 1962இல் தெரியவந்தது. இது கடலிலும் நன்னீரிலும் வாழும். நல்ல தோலைத் துளைத்து நுழையும் திறன் இதற்கு இல்லை. கீறலோ வெடிப்போ வேண்டும். ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளரும். உடலின் உள்வெப்பமான 37 பாகையில் தடுமாறும். ஆதலால்தான் உடலின் குளிர்ந்த பகுதிகளான கை, கால்களில் தங்குகிறது. குளிர் நாடுகளில் தொட்டிக்கு மின்சூடேற்றி வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அந்தச் செலவு நமக்கும் இல்லை, கிருமிக்கும் இல்லை!

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி பிறக்கிறது. ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வழக்கமாக 37 பாகையில்தான் வளர்ப்பார்கள். நம் தோலிலிருந்து எடுத்த துணுக்கை அவ்வாறு வைத்தால் ஒன்றும் முளைக்காமலே போகக்கூடும்; "கிருமி இல்லை" என்று சீட்டு வரும். மீன் தொட்டி இருப்பதை நோயாளி சொல்ல, மருத்துவர் ஆய்வுக்கூடத்திற்கு எழுத, அவர்கள் 30 பாகையில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். எனக்கு அவ்வாறே வெளிப்பட்டது. கிளாரித்ரோமைசினும் எதாம்பூட்டாலும் ஐந்து மாதம் சாப்பிட்டேன். முடிச்சுகள் கரைந்தன, விரலில் ஒரு கறுப்புத் தழும்பு மிஞ்சியது. அந்தப் பருவத்தேர்வை எழுத முடியவில்லை.

"இத்தனைக்குப் பிறகும் அந்தத் தொட்டி வேண்டுமாடி?" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் பேசவில்லை. வாங்கி வந்தவர் அல்லவா? நான் மருத்துவரிடமே கேட்டேன். "மீன் இருக்கட்டும்; உன் கை தண்ணீரில் இருக்கக் கூடாது" என்றார். வீட்டில் ஏற்பாடு மாறியது அப்படித்தான்.

இப்போது தொட்டி கழுவுவது தம்பியின் வேலை. அவனுக்கும் முழங்கை வரை ரப்பர் கையுறை உண்டு. முதல் நாள் சிரித்தான், இப்போது பழகிவிட்டது. தண்ணீர் மாற்ற நம்மில் பலர் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சுகிறோம். மீன் வளர்ப்போரிடம் உள்ள மிகக் கெட்ட வழக்கம் இதுவே என்பேன். அமுக்கி உறிஞ்சும் பந்து பொருத்திய குழாய் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. பழைய தண்ணீரைப் பாத்திரம் துலக்கும் இடத்தில் கொட்டுவதில்லை. குளியலறையில் கொட்டி, ப்ளீச்சிங் தூள் கரைசலால் கழுவிவிடுகிறோம். பௌர்ணமிதோறும் வெறுங்காலில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர் அப்பா. குதிகால் முழுவதும் வெடிப்பு. அந்தக் காலோடு அங்கே வந்து நிற்கக் கூடாது என்று அவருக்கும் தடை போட்டாயிற்று. கூரிய கற்களை எடுத்துவிட்டோம். புதிய மீன்களைச் சில வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்த பின்பே சேர்க்கிறோம். செத்த மீனை வலையால் அன்றி எடுப்பதில்லை. சாக்கடைச் சேற்றில் பிடிக்கும் உயிர்ப்புழு உணவை அடியோடு நிறுத்திவிட்டோம்.

தண்ணீர் பளிங்கு போல் இருந்தால் கிருமி இல்லை என்று எண்ணுவது பிழை. கண்ணாடியிலும் வடிகட்டியிலும் படியும் வழுவழுப்பான படலத்தில்தான் அது குடியிருக்கிறது. ஆகவே விலை உயர்ந்த கருவிகளை வாங்குவதைவிடக் கையுறையையே நான் நம்புகிறேன். ஆமை வளர்க்கலாமே என்று தம்பி கேட்டான், கூடாது என்றுவிட்டேன். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை. அமெரிக்காவில் 1975 முதல் நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்கத் தடை உள்ளது.

என் போன்ற நோயுள்ள தோழர்கள் இதைப் படித்து அஞ்சி, மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் மூட்டு கெடும். எல்லா மருந்தும் எதிர்ப்பாற்றலை ஒரே அளவில் குறைப்பதும் இல்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும் உண்பவருக்கும் என்னைப் போன்றவர்க்கும் வேறுபாடு உண்டு, டி.என்.எஃப். எனும் பொருளைத் தடுக்கும் ஊசி போடுபவர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். இவ்வினக் கிருமிகளைச் சுற்றி நம் உடல் எழுப்பும் சுவரைக் கட்டிக்காப்பதில் டி.என்.எஃப்.க்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஊசிக்கு முன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று சோதிப்பதும் அதனால்தான்.

எனக்கும் அந்த ஊசி தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தொட்டி தம்பியின் அறைக்குப் போய்விடும் என்று இப்போதே பேசி வைத்துள்ளோம். அதுவரை கூடத்தில் இருக்கிறது. காலையில் விரல்கள் மடங்கத் தொடங்கும் நேரத்தில் நீளக் கரண்டியால் நான்தான் தீவனம் போடுகிறேன்.