பழைய ஹெரால்டின் பரிபாலனம்

திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையே, காய்கறி லாரிகள் இரவு பகலாக ஓடும் பழனிச் சாலையை ஒட்டிய ரெட்டியார்சத்திரத்தில் குடியிருந்துகொண்டு, ஸ்போர்ட்ஸ் கார் வைத்துப் பரிபாலிக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருவது இயல்பே. என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு; 1961 முதல் சென்னையில் தயாராகி விற்பனைக்கு வந்த இரண்டு கதவு வண்டி. குடும்பஸ்தர்களின் வண்டி என்று பெயர் வாங்கியதாயினும், குலத்தை விசாரித்தால் வேறு கதை தெரியும். இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் எழுப்பப்பட்டது. இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியக் கலைஞர். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், ஃபியட்டுகளுக்கு இணையாக ஹெரால்டுகளும் சீறிக்கொண்டு ஓடின.

வீட்டிலேயே வேலை செய்துகொள்ள விரும்புகிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான வண்டி அமைவது அபூர்வம். பானெட் என்பது இதில் வெறும் மூடியன்று. இருபுறத்து மட்கார்டுகளும் முகவிளக்குகளும் சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாய்ந்துவிடும். சாய்த்துவிட்டு முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். முதுகு வலி இல்லை. ஒரு காரியத்தை மட்டும் முதலில் செய்துவிட வேண்டும்: அங்குல அளவு ஸ்பேனர்கள் ஒரு செட் வாங்குவது. இதன் போல்ட்டுகளும் நட்டுகளும் மில்லிமீட்டர் கணக்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல. பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் முனைகள் மழுங்கி, பிறகு உளியும் சுத்தியலுமே துணையாகும்.

ஹெரால்டு வைத்திருப்பவன் உயிரினும் மேலாகக் கவனிக்க வேண்டிய உறுப்பு முன்சக்கரத்தின் அடியில் இருக்கும் டிரனியன். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டின் கீழ்முனை மரை வெட்டப்பட்டு இந்தப் பித்தளைத் துண்டுக்குள் திருகியிருக்கும்; ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் அந்த மரையிலேயே சுழல்கிறது. அதற்கு இடவேண்டியது தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் ஆகாது. “நிப்பிள் இருக்குல்லண்ணே, கிரீஸ் அடிச்சு விட்ருவோம்” என்று கன்னோடு வந்து நின்ற இளம் மெக்கானிக்கிடம் இதை விளக்க எனக்கு அரைப்பொழுது ஆயிற்று. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் இறுகிப்போக, கீழே ஈரம் புகுந்து எஃகு துருப்பிடித்து, வெளிக்கு ஒரு குறியும் காட்டாமல் ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், கீழே எண்ணெய் கசிந்து வரும்வரை செலுத்திவிடுவது என் வழக்கம்.

அடுத்தது பின்சக்கரங்களின் விசித்திரம். ஹெரால்டின் பின் அச்சு ஒரே தண்டாக இல்லாமல் நடுவிலிருந்து இருபுறமும் தனித்தனியே ஊஞ்சலாடும் அமைப்புடையது. சிறுமலைக்கு ஏறும் வளைவுகளில் இது ஆனந்தம், இறங்கும்போது அபாயம். வளைவுக்குள் வேகமாகப் புகுந்துவிட்டுப் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பாகம் எழும்ப, வெளிச்சக்கரம் உள்நோக்கி மடிந்து, வண்டியின் வால் தன் இஷ்டத்துக்குப் போகும். நம் நாட்டுச் சாலைகளுக்கு ஒவ்வாதென்றே பின்னாளில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் வண்டிக்கு வழக்கமான ஒற்றை அச்சைக் கொடுத்தார்கள். ஸ்பிட்ஃபயரிலோ, 1970-இல் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் இலைகளை நடுவில் அசையும்படி அமைத்துக் குறையைப் பெருமளவு தீர்த்தார்கள். அந்த வகை ஸ்பிரிங் கிடைத்தால் மாற்றிவிடுவதே உத்தமம். கிடைக்கும்வரை, வளைவுக்கு முன்பே பிரேக் போட்டு வேகத்தைத் தணித்து, உள்ளே புகுந்தபின் காலை நிதானமாக ஊன்றியபடி செல்வதே மார்க்கம்.

வண்டியை மாற்றியமைக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் இரட்டைக் கார்புரேட்டரையும் உறுமும் சைலன்சரையும் நாடுகிறார்கள். 948 கன சென்டிமீட்டர் யந்திரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் குதிரைச் சக்தியைப் பிழிவதற்கு முன், நிற்கும் சக்தியையும் குளிரும் சக்தியையும் பெருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கை அதன் தாங்கிகளோடு தருவித்தால் ஹெரால்டில் பொருத்தலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஸ்வபாவமுடையதாகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டரில் எங்கள் பக்கத்துக் கிணற்று நீரை ஊற்றுவது அதன் குழாய்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதற்குச் சமானம். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, சித்திரை வெயிலில் லாரிகளுக்கு நடுவே ஆவி பறக்க நிற்கும் அவமானத்தோடு ஒப்பிட்டால் அற்பம்.

பெட்ரோல் விஷயம் இப்போது முன்னைவிடச் சிக்கலாகிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாட்டில் நின்றுபோனதால், ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட்டுகளை லேத் பட்டறையில் போட்டுக்கொள்வது அவசியம். இன்று பம்புகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது; அது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அரித்துவிடுமாகையால், எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவதும், வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் டாங்கியைக் காலி செய்துவிடுவதும் நல்லது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தனியார் வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியே பதிவுசெய்ய இடமளிக்கிறது. ஆனால் வண்டி அதன் மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே அடிச்சட்டத்தை வெட்டாதீர்கள், புதிதாக ஓட்டை போடாதீர்கள். எதைப் பொருத்தினாலும் ஸ்பேனரால் கழற்றிவிடக்கூடியதாகவே பொருத்துங்கள். கழற்றிய பழைய உறுப்புகளை ஆக்கர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, எந்த உறுப்பு எங்கே இருந்தது என்று சீட்டெழுதிக் கட்டி வையுங்கள்.