பழைய மானிட்டர் வாங்குகிறீர்களா?
கொல்லிமலையில் இருந்தபடியே மிளகு, காபி பாக்கெட்டுகளுக்கு லேபிள் வடிவமைப்பவர்களுக்குப் பழைய 27 அங்குல மானிட்டர் தாராளமாகப் போதும். ஐ.பி.எஸ். பேனலா, 2560×1440 பிக்சலா என்று பாருங்கள். 1920×1080 என்றால் இந்த அளவில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

கடையிலேயே முழுத்திரையிலும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றிப் போடச் சொல்லுங்கள். வெள்ளையில் ஒரு மூலை மட்டும் மஞ்சளடித்தால் வேண்டவே வேண்டாம்; எந்த செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது. ஓரத்தில் ஒரே ஒரு செத்த பிக்சலா? பேரம் பேச நல்ல சாக்கு!

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது திரையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே கட்டுங்கள். மழையில் வந்ததென்றால் ஈரம் காய்ந்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள். லேபிளின் நிறத்தைத் திரை எப்போதும் அச்சைவிடப் பளிச்சென்றுதான் காட்டும். மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துவிடுங்கள்.