அச்சுப் புத்தகமா? மின்நூலா?



முன்னுரை

நம்ம பள்ளியில் படித்துப்போன அண்ணன்களும் அக்காக்களும் சேர்ந்து நம் வகுப்புக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்காங்க. அதில் ஒரு டேப் வாங்கலாமா, அலமாரி நிறையப் புத்தகம் வாங்கலாமா என்று வெள்ளிக்கிழமை ஓட்டு எடுக்கப் போகிறோம். பாதிப் பேர் "டேப்புல ஆயிரம் புத்தகம் இருக்கும்"னு சொல்றாங்க. மீதிப் பேர் "புத்தகம்னா கையில பிடிச்சுப் படிக்கணும்"னு சொல்றாங்க. சத்தம் போட்டால் முடிவு வராது. அதனால் தமிழ் ஐயாவிடம் கேட்டதையும் நூலகத்தில் படித்ததையும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு ஓட்டுப் போடுங்க.

1. ஓலையிலிருந்து தாளுக்கு

நம் முன்னோர் பனை ஓலையில்தான் எழுதினார்கள். ஓலையைக் கரையான் அரிக்கும், பூச்சி துளைக்கும். பழசானால் முறிந்துவிடும். அதற்குள் யாராவது பார்த்து வேறு ஓலையில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த நூல் அவ்வளவுதான்.

இதற்கு நம்ம ஊரே சாட்சி. திருவண்ணாமலையோடு சேர்த்துச் சொல்லப்படும் அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் 16,000 திருப்புகழ் பாடினார் என்று பெரியவங்க சொல்வாங்க. இன்று கிடைப்பவை சுமார் 1,300தான். அவையும் தானாகக் கிடைக்கவில்லை. வ.த.சுப்பிரமணிய பிள்ளை என்பவர் நீதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராக ஏடுகளைத் தேடினார். 1894இல் திருப்புகழின் முதல் தொகுதியை அச்சிட்டார். உ.வே.சாமிநாதையரும் இப்படித்தான் தேடி, சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் அச்சில் கொண்டுவந்தார்.

தமிழில் அச்சு அதற்கும் முன்பே வந்துவிட்டது. கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. அச்சின் பலம் என்ன? ஒரே நூல் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போய்விடும். ஒரு வீட்டில் கரையான் அரித்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

2. தாளிலிருந்து திரைக்கு

அச்சான புத்தகத்துக்கும் ஆபத்து உண்டு. இலங்கையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தீ வைத்து எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. ஐயா இதைச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

அங்கே 2005இல் 'நூலகம்' என்ற திட்டம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்து வருகிறார்கள். அதற்கு முன்பே 1998 பொங்கல் அன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகத் தருகிறார்கள். உலகத்தில் இதற்கு முன்னோடி 'குட்டன்பர்க் திட்டம்'. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கியது. நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் நாட்டுடைமையான நூல்களை இலவசமாகப் படிக்கலாம்.

3. மின்நூலின் குறைகள்

அ) மின்நூல் நம்முடையது என்று நினைப்போம். ஆனால் 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் நம் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இப்படி யாரும் எடுக்க முடியாது.

ஆ) முன்பு ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். யூனிகோடு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது. மின்நூலையும் காலத்துக்கு ஏற்ப மாற்றி வைக்காவிட்டால் அதையும் ஒருவகைக் கரையான் அரிக்கும்.

இ) வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். எல்லாம் நல்லது இல்லை. இப்போது வாழும் எழுத்தாளரின் புத்தகத்தை அவரைக் கேட்காமல் அனுப்பினால் அது திருட்டு.

4. எங்கள் வீட்டில் நடந்தது

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் நம்ம மலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த மழையில் எங்க வீட்டிலும் தண்ணி வந்தது. என் புத்தகப்பை நனைந்துவிட்டது. செல்போனை அம்மா அரிசி டப்பாவில் வைத்துக் காப்பாற்றிட்டாங்க. ஆனா ரெண்டு நாளா கரண்ட் இல்லை. சார்ஜ் போய் போன் சும்மா கிடந்தது.

நான் தமிழ்ப் புத்தகத்தைத் துணி காயப்போடும் கயிற்றில் போட்டுக் காய வைத்தேன். தாள் எல்லாம் அப்பளம் மாதிரி உப்பிப் போச்சு. ஆனாலும் படிக்க முடிந்தது. அறிவியல் புத்தகம் மட்டும் கூழாகிவிட்டது. கரண்ட் வந்ததும் டீச்சர் அந்தப் பாடத்தை பி.டி.எஃப்.பாக அனுப்பினாங்க. அப்பா கட்டட வேலை முடிந்து போனோடு வந்ததும் ராத்திரி எட்டு மணிக்கு மேலே அதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். ஒரு புத்தகத்தைக் கயிறு காப்பாற்றியது, இன்னொன்றைப் போன் காப்பாற்றியது.

5. ஒரு சின்னக் கணக்கு

நம் வகுப்பில் 32 பேர். ஒரு டேப் வாங்கினால் ஒரு ராத்திரிக்கு ஒருத்தர்தான் வீட்டுக்கு எடுத்துப்போக முடியும். ஒருமுறை முறை வந்தால் அடுத்த முறை வர 32 நாள். ஆயிரம் புத்தகம் உள்ளே இருந்தாலும் படிக்கும் கண் ரெண்டுதான். அதுவே 40 புத்தகம் வாங்கினால் 32 பேரும் ஒரே ராத்திரியில் படிக்கலாம். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். கீழே விழுந்தாலும் உடையாது. வீட்டில் போன் இல்லாதவங்களும் படிக்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்டதும் புத்தகத்துக்கே ஓட்டு என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம்தான் என் பக்கத்தில் உட்காரும் தோழி ஞாபகம் வந்தது. (பெயர் எழுதாதே என்றாள்.) அவளுக்குப் பார்வை குறைவு. புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பாள். ரெண்டு பக்கத்தில் தலைவலி வந்துவிடும். ஒருநாள் டீச்சர் தன் போனில் ஒரு கதையை எடுத்து, எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தாங்க. யாரும் வாசித்துக் காட்டாமல் அவளே முழுக் கதையும் படித்தாள். "முடிவு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். நீங்க யாராவது சொல்லிடுவீங்க. இன்னைக்குத்தான் நானே கண்டுபிடிச்சேன்"னு சொன்னாள். 40 புத்தகம் வாங்கினாலும் அதில் ஒன்றுகூட அவளுக்கு உதவாது. என் கணக்கில் அவளை நான் சேர்க்கவே இல்லை.

முடிவுரை

எது உசத்தி என்று கேட்பது தப்பான கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். யாருக்கு, எதற்கு என்று கேட்க வேண்டும். கதை, வரலாறு என்று முழுசாகப் படிக்கவும் கைமாற்றிக் கொடுக்கவும் அச்சுப் புத்தகம். கடையில் கிடைக்காத பழைய நூலைத் தேடவும், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் மின்நூல். திருப்புகழ் கதையும் யாழ்ப்பாணக் கதையும் சொல்வது ஒன்றுதான். ஓலையோ தாளோ திரையோ, ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தால் ஆபத்து.

ஆகவே என் கோரிக்கை: வெள்ளிக்கிழமை ஓட்டுச்சீட்டில் மூன்றாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். "விலை குறைந்த டேப் ஒன்று, மீதிப் பணத்துக்குப் புத்தகம்." டேப் முதலில் என் தோழி கைக்குப் போகட்டும். அவள் படித்து முடித்ததும் மற்றவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். புத்தகம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, நாம மாற்றி மாற்றிப் படிச்சுக்கலாம்.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு இந்தத் தாளுக்குக் கீழே விட்டிருக்கும் இடத்தில் பென்சிலால் எழுதுங்க. ஓட்டுக்கு முன்னாடி எல்லாவற்றையும் வகுப்பில் வாசிக்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி