நூலகங்களிடை இரவலின் எல்லைகள்: தருமபுரி நடுகல் ஆய்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நூலகத்தில் இல்லாத நூலைப் பிறிதொரு நூலகத்திலிருந்து பெற்று வாசகர்க்கு வழங்கும் முறை நூலகங்களிடை இரவல் எனப்படும். தருமபுரி வட்டார நடுகல் ஆய்விற்கு இம்முறை எந்த அளவிற்குத் துணைநிற்கிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நூலகங்களிடை இரவல், நடுகல், மைப்படி, பதிப்புரிமை.

முன்னுரை

பல்லவர் காலந்தொட்டு வட்டெழுத்துப் பொறிப்புடைய நடுகற்கள் மிகுந்த நிலப்பகுதி தருமபுரி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலையும் 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ நூலையும் வெளியிட்டது. இவற்றையும் இவற்றோடு தொடர்புடைய மூலங்களையும் ஒருங்கே வைத்து ஒப்பிடுவதே நடுகல் ஆய்வின் முதற்பணி. அம்மூலங்கள் ஓரிடத்தில் இல்லாதபோது இரவல் தேவையாகிறது.

தேடலில் எழும் தடை

இரவல் கோருவோர் நூலையும் அதன் பகுதியையும் பிழையின்றிக் குறித்தல் வேண்டும். தருமபுரி 1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது. எனவே, 1965க்கு முற்பட்ட கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் இவ்வட்டாரப் பொறிப்புகளைச் சேலம் என்னும் தலைப்பின்கீழ்த் தேடுதல் வேண்டும். 1975ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலுள்ள ‘தருமபுரி’ இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதியையும் உள்ளடக்கியது. இதனை அறியாது விடுக்கப்படும் கோரிக்கை, நூல் இருந்தும் இல்லை என்ற விடையையே பெறக்கூடும்.

வழங்கலில் எழும் தடை

தில்லியில் 1988இல் தொடங்கிய டெல்நெட் போன்ற நூலக வலையமைப்புகள் உறுப்பு நூலகங்களிடையே இரவலை எளிதாக்கின. ஆயினும் ஒரு நூலை அனுப்புவதா மறுப்பதா என்பதை உடைமை நூலகமே முடிவு செய்கிறது. அரிய நூல், பார்வை நூல், கட்டமைக்கப்பட்ட இதழ்த்தொகுதி, சுவடி ஆகியன பொதுவாக இரவலுக்கு அப்பாற்பட்டவை. பல படிகளுடைய நூல் எளிதில் கிடைக்கிறது. ஒற்றைப் படியாய் எஞ்சிய நூல் கிடைப்பதில்லை. ஆய்வுக்கு எது இன்றியமையாததோ அதுவே பெரிதும் இரவலுக்கு அரியதாகிறது.

மூலச்சான்றும் இரவலும்

நடுகல் ஆய்வில் இத்தடை மேலும் ஆழமானது. அச்சிட்ட பாடம் என்பது பதிப்பாசிரியரின் வாசிப்பு. சிதைந்த ஓரெழுத்தை வேறாகக் கொள்ளின் வீரனின் பெயரோ ஆட்சியாண்டோ மாறிவிடும். அதனைச் சரிபார்க்க மைப்படியோ கல்லோ தேவை. இவை நூலக இரவலில் வருவன அல்ல. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. மூலச்சான்று எங்கே இருக்கிறது என்பது ஆய்வின் போக்கையே பாதிக்கும் என்பதற்கு இது தக்க சான்று. இரவல் நூலை மட்டும் நம்பும் ஆய்வு, முந்தைய வாசிப்பிலுள்ள பிழையையும் சேர்த்தே வழிமொழிய நேரும்.

படியெடுத்தல்

நூலை அனுப்ப இயலாதவிடத்துப் படியெடுத்து அனுப்புதல் மாற்றுவழியாகும். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, வணிக நோக்கற்ற பொதுநூலகம் தன் பயன்பாட்டிற்காக மூன்று படிகளுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. அச்சில் இல்லாத வட்டார வரலாற்று நூல்களைப் பொறுத்தவரை இது பயனுள்ள வாய்ப்பாகும். படியெடுக்குங்கால் பாடத்தோடு ஒளிப்படத் தகடுகளும் விடுபடாது இடம்பெறுதல் இன்றியமையாதது.

முடிவுரை

நூலகங்களிடை இரவல் பிறர் கண்ட முடிவுகளை ஆய்வாளரிடம் கொண்டு சேர்க்கிறது. அம்முடிவுகளுக்கு அடிப்படையான சான்றுகளைக் கொண்டு சேர்ப்பதில்லை. ஆகவே, பழைய, புதிய மாவட்டப் பெயர்களை இணைத்துக் காட்டும் அடைவு, மைப்படிகளின் மின்படிமம், வட்டார நூல்களின் ஒரு படியேனும் தருமபுரியிலேயே நிலையாக இருத்தல் ஆகிய மூன்றும் இரவலுக்குத் துணையாக அமைதல் வேண்டும். அவ்வாறு அமையின், கல் நிற்கும் மண்ணிலேயே அக்கல்லைப் பற்றிய ஆய்வும் முழுமை பெறும்.