உங்கள் எம்.பி. என்ன கேட்டார்? கைப்பேசியிலேயே பார்க்கலாம்!

"எங்க ஊரில் ரயில் நிற்கணும்" என்று உங்கள் மக்களவை உறுப்பினரிடம் மனு கொடுத்திருக்கிறீர்கள். அவர் அதை அவையில் எழுப்பினாரா? யாரிடமும் போய் விசாரிக்க வேண்டாம். நீங்களே பார்த்துவிடலாம்.

எங்கே பார்ப்பது?

1. நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வ இணையதளமான 'சன்சத் டாட் இன்' பக்கத்தைத் திறந்து, மக்களவையைத் தேர்வு செய்யுங்கள்.

2. கேள்விகள் பகுதிக்குப் போய், உறுப்பினர் பெயரையும் அமைச்சகத்தையும் கொடுத்துத் தேடுங்கள். ரயில் விஷயம் என்றால் ரயில்வே அமைச்சகம்.

3. கேள்வியும் பதிலும் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலி கைகொடுக்கும்.

4. அவையில் பேசிய பேச்சுகள் விவாதங்கள் பகுதியில் இருக்கும்.

எண்ணிக்கையை மட்டும் நம்பலாமா?

"இவர் ஒரு கேள்விகூட கேட்கலை" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், உடனே பகிர்ந்துவிடாதீர்கள். அவர் அமைச்சரா என்று முதலில் பாருங்கள். அமைச்சர்கள் பதில் சொல்பவர்கள். கேள்வி கேட்பவர்கள் அல்ல. வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் கையெழுத்திடுவதில்லை.

இன்னொன்று: மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும், 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும்தான் பட்டியலில் இடம்பெறும். முதல் வகைக்கு அமைச்சர் அவையில் நேரில் பதில் சொல்வார். துணைக் கேள்வியும் கேட்கலாம். இரண்டாவது வகைக்கு எழுத்தில் மட்டுமே பதில். எந்தக் கேள்வி இடம்பெறும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. அனுப்பிய கேள்வி எல்லாம் பட்டியலுக்கு வந்துவிடாது.

அதனால் எத்தனை கேள்வி என்பதைவிட, என்ன கேள்வி என்று படிப்பதே முக்கியம். 1957-ல் எல்.ஐ.சி. பணம் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தை மக்களவையில் துருவித் துருவி எழுப்பினார் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர்! நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

பதிலில் எதைக் கவனிப்பது?

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்ற வரிகள் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இத்தகைய பதில்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படலாம். அப்படி எடுக்கப்பட்டால் 3 மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. இதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒரு நாடாளுமன்றக் குழுவே இருக்கிறது.

கேள்வி எண், தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். அடுத்த மனுவில் "இந்தத் தேதியில், இந்த எண் கேள்விக்கு அமைச்சர் இப்படிப் பதில் சொன்னார், இப்போது நிலை என்ன?" என்று எழுதுங்கள். கேள்வியே பதிவாகவில்லையா? "அடுத்த கூட்டத்தொடரில் கேளுங்கள்" என்று உறுப்பினருக்கு எழுதுங்கள். குறைந்தது 15 நாள் முன்னதாக அவர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே உங்கள் கடிதம் போய்ச் சேரட்டும்.