பிக்கப் வண்டிக்கு ஏற்ற ஒலிபெருக்கி: தேர்வு செய்யும் முறையும் பொருத்தும் முறையும்

வானொலியும் உழவும் நெருங்கிய உறவுடையவை. 1960களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலி வழியே கேட்டறிந்து பயிரிட்ட தஞ்சை உழவர்கள், அந்த இரகத்திற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டினார்கள். அன்று வானொலிப் பெட்டி வீட்டுத் திண்ணையில் இருந்தது. இன்று காய்கறியையும் பாலையும் முட்டையையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்குச் செல்லும் பிக்கப் வண்டியிலேயே செய்தியும் சந்தை நிலவரமும் பாட்டும் கேட்கிறோம்.

ஆனால் வண்டியுடன் வரும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மெல்லிய காகிதக் கூம்பு கொண்டவை. இரண்டு மழைக்காலம் சென்றதும் காகிதம் ஊறி, கரகரவென்று ஒலிக்கத் தொடங்கும். டீசல் என்ஜின் இரைச்சலில் பேச்சு விளங்குவதில்லை. உடனே கடைக்குச் சென்று, அட்டைப் பெட்டியின் மேல் '300 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டதை வாங்கி, கதவில் பெரிய ஓட்டை போட்டு மாட்டிவிடுகிறோம். சில நாட்களில் கண்ணாடி இறங்க மறுக்கிறது, கதவு அதிர்கிறது, ஒலியோ முன்பைவிடத் தெளிவாக இல்லை. இந்த வீண் செலவைத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம். நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நல்ல ஒலியைத் தருவது பெட்டியின் மேல் உள்ள வாட் எண் அன்று, கதவின் அளவுக்குப் பொருந்திய ஒலிபெருக்கியும், அதை இறுக்கமாகப் பொருத்திய முறையுமே.

வாட் கணக்கு

பிக்கப் வண்டியின் மின்சுற்று 12 வோல்ட் வகையைச் சேர்ந்தது. என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். தனி ஆம்ப்ளிபயர் இல்லாத சாதாரண செட், இந்த மின்னழுத்தத்தைக் கொண்டு 4 ஓம் ஒலிபெருக்கி ஒன்றுக்குக் கணக்குப்படி 25 வாட்டுக்கு மேல் தெளிவான ஒலியைத் தர இயலாது. நடைமுறையில் 15 முதல் 20 வாட்தான் கிடைக்கும். செட்டின் முகப்பில் '50 வாட் X 4' என்று எழுதியிருந்தாலும் அது ஒரு கணம் எட்டும் உச்ச அளவே ஆகும்.

எனவே ஒலிபெருக்கி வாங்கும்போது உச்ச வாட்டைப் பார்க்காமல், ஆர்.எம்.எஸ். என்று குறித்துள்ள தொடர் வாட்டைப் பார்க்க வேண்டும். 30 முதல் 50 வாட் ஆர்.எம்.எஸ். உள்ளது போதுமானது.

இதைவிட முக்கியமானது உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே உணர்திறன் ஆகும். இதில் 3 டெசிபல் கூடுவது, செட்டின் வாட்டை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். 87 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 20 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 90 டெசிபல் ஒலிபெருக்கி 10 வாட்டிலேயே தந்துவிடும். ஆகவே, ஆம்ப்ளிபயர் இல்லாத வண்டிக்கு 90 டெசிபல் அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தேர்வு செய்வது சிக்கனமானது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஓம் அளவு: செட்டுக்கு ஏற்றபடி 4 ஓம் இருக்க வேண்டும். ஒரே இணைப்பில் இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். செட் சூடேறிப் பழுதாகும்.

2. கூம்பின் பொருள்: கதவினுள் மழைநீர் இறங்குவது இயல்பு. ஆகவே பாலிபுரொப்பிலீன் கூம்பும், ரப்பர் விளிம்பும் உள்ளதே நீடித்து உழைக்கும்.

3. வகை: நடுவில் சிறிய டுவீட்டர் சேர்ந்த இருவழி ஒலிபெருக்கி ஒன்றே போதும். பேச்சின் எழுத்துகள் தெளிவாகக் கேட்க டுவீட்டர் உதவும். நான்குவழி, ஐந்துவழி என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம்.

4. விட்டம்: 4 அங்குலம், 5¼ அங்குலம், 6½ அங்குலம் ஆகிய அளவுகள் எளிதில் கிடைக்கின்றன. கதவில் ஏற்கெனவே உள்ள ஓட்டைக்குப் பொருந்தும் அளவை வாங்குவதே நலம். பெரியது வேண்டுமென்று கதவுத் தகட்டை வெட்டினால் கதவின் உறுதி குறையும். வெட்டிய விளிம்பில் துருவும் ஏறும்.

5. ஆழம்: இதை அளக்காமல் வாங்குவதே பெரும்பாலோர் செய்யும் தவறு.

ஆழம் அளக்கும் முறை

பழைய ஒலிபெருக்கியைக் கழற்றி, கண்ணாடியை முழுவதும் கீழே இறக்குங்கள். கதவுத் தகட்டின் முகப்பிலிருந்து கண்ணாடி வரை உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கை எங்கெல்லாம் வந்து போகிறது என்பதையும் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, இடைவெளி 52 மி.மீ. என்று கொள்வோம். நீங்கள் விரும்பும் ஒலிபெருக்கிக்கு 60 மி.மீ. ஆழம் தேவை. இதை நேராக மாட்டினால் காந்தம் கண்ணாடியில் இடிக்கும். 15 மி.மீ. கனமுள்ள வளையம் ஒன்றைத் தகட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் வைத்தால் 67 மி.மீ. கிடைக்கும். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே 7 மி.மீ. மிஞ்சும். குறைந்தது 5 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் வண்டி குலுங்கும்போது இடிக்காது. வளையம் வைப்பதால் ஒலிபெருக்கி முன்னால் தள்ளி வரும். கதவின் உள்மூடியில் உள்ள சல்லடையில் முட்டாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வளையத்தை நீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டில் அறுத்து, இரு பக்கமும் விளிம்பிலும் பெயிண்ட் அடித்துக் காயவைத்துப் பயன்படுத்தலாம். கெட்டியான பிளாஸ்டிக் வளையமும் நல்லது.

பொருத்தும் முறை

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கதவின் உள்மூடியைத் திருகு முடுக்கியால் நெம்பினால் கீறலும் உடைப்பும் ஏற்படும். துணி சுற்றிய மூங்கில் பட்டையைக் கொண்டு கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்கலாம். காற்றுப் பை உள்ள வண்டியாயின் அதற்குரிய கம்பிகளையும் இணைப்பான்களையும் தொடக்கூடாது. அத்தகைய வண்டியில் இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே பாதுகாப்பு.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்புறம் காற்று இழுபடுகிறது. முன்புற ஒலியும் பின்புற ஒலியும் ஓரத்து இடுக்கின் வழியாகக் கலந்தால், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மத்தள ஓசை போன்ற கனத்த ஒலி காணாமல் போவதற்கு இதுவே காரணம். இதைத் தடுக்க, வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையிலும், வளையத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிலும் மெல்லிய ரப்பர் பட்டையோ நீர் உறிஞ்சாத நுரைப் பட்டையோ ஒட்டி, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். இடுக்கு அடைந்த சாதாரண ஒலிபெருக்கி, இடுக்கோடு மாட்டிய விலை உயர்ந்த ஒலிபெருக்கியைவிட நன்றாக ஒலிக்கும்.

புதிதாகத் துளையிட நேர்ந்தால், பின்னால் கண்ணாடியும் கம்பிகளும் இல்லை என்று உறுதி செய்த பின்னரே துளையிடுங்கள். கதவினுள் குறுக்கே செல்லும் பாதுகாப்புக் குழாயில் துளையிடவே கூடாது. துளையின் விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசினால் துரு ஏறாது.

கதவு அதிர்ந்தால், தகட்டின் உட்புறம் இதற்கென விற்கும் பியூட்டைல் ஒட்டுத் தகடுகளை ஒட்டலாம். அதிர்வைத் தடுக்கக் கதவினுள் சாக்கு, பஞ்சு, தென்னை நார் இவற்றைத் திணிப்பது தவறு. அவை மழைநீரைத் தேக்கிக் கதவைத் துருவாக்கிவிடும். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளையும் எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது. ஒலிபெருக்கியின் பின்புறத்திற்கு மேலே கூரைபோல் ஒரு சிறு பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்தினால், வழியும் நீர் காந்தத்தின் மேல் படாது.

கம்பி இணைப்பு

ஒலிபெருக்கிக்கு 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும். வண்டியில் வந்த கம்பியை வெட்டாமல், அதற்குரிய இணைப்பானை வாங்கிச் செருகுவது நல்லது. வெட்டி ஒட்டினால், வண்டிக்குரிய உத்தரவாதக் காலத்தில் வாதத்திற்கு இடமாகும். கதவிலிருந்து உள்ளே செல்லும் கம்பி ரப்பர் குழாயின் வழியாகவே செல்ல வேண்டும். இல்லையெனில், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் உராய்ந்து கம்பியின் மேலுறை அறுபடும்.

இக்காலச் செட்டுகளில் ஒலிபெருக்கியின் நெகட்டிவ் கம்பியை வண்டியின் உடலோடு சேர்க்கக்கூடாது. சேர்த்தால் செட்டின் ஐ.சி. பழுதாகிவிடும். ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் இரண்டு கம்பிகளும் செட்டிலிருந்தே தனியாக வர வேண்டும்.

இரு கதவுகளிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகள் ஒரே மாதிரி இணைந்திருக்க வேண்டும். ஒன்று மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே செல்லும், ஒலி மெலிந்துபோகும். முனைகளில் குறி அழிந்திருந்தால், செட்டிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியை 1.5 வோல்ட் டார்ச் பாட்டரி கொண்டு ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பாட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனையே பாசிட்டிவ் ஆகும்.

ஆம்ப்ளிபயர் தேவையா?

மேற்கூறியபடி பொருத்திய பின்னும் ஒலி போதவில்லையெனில் மட்டுமே ஆம்ப்ளிபயரைப் பற்றி எண்ணலாம். இரு வழிக்கும் உண்மையாகவே தலா 50 வாட் தரும் ஆம்ப்ளிபயர், முழு ஒலியில் 12 முதல் 15 ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கும். இதற்குப் பாட்டரியிலிருந்து நேராக 6 சதுர மி.மீ. கம்பி தனியாக இழுத்து, பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் வைக்க வேண்டும். பியூஸ் ஆம்ப்ளிபயர் அருகில் மட்டும் இருந்தால், இடையில் கம்பி உராய்ந்து உடலைத் தொடும்போது அதைக் காக்க எதுவும் இல்லை. கம்பி பழுக்கக் காய்ந்து வண்டியே தீப்பற்றும். பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றுவது, உழைத்து வாங்கிய வண்டிக்கு நாமே வைக்கும் தீ ஆகும்.

இருக்கைக்குப் பின்னால் ஒலிப்பெட்டி வைப்போர் அதைப் போல்ட் போட்டுத் தகட்டோடு பிணைக்க வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது கட்டப்படாத பெட்டி ஓட்டுநரின் பிடரியில் வந்து மோதும். ஜாக்கியும் மாற்றுக் கருவிகளும் எடுக்க வழி இருக்க வேண்டும்.

பாட்டரியைக் காத்தல்

சந்தையில் சரக்கு இறக்க முறைக்காகக் காத்திருக்கும்போது, என்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்பது வழக்கம். 3 ஆம்பியர் எடுக்கும் செட் 8 மணி நேரம் ஓடினால் 24 ஆம்பியர்-மணி செலவாகும். 50 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது ஏறக்குறைய பாதி. பாட்டரி பழையதானால் வண்டி கிளம்பாது. தக்காளியும் கீரையும் ஏற்றிய வண்டி வெயிலில் நின்றால் இழப்பு உங்களுக்கே.

எவ்வளவு ஒலி வைக்கலாம்?

வாரத்தில் 40 மணி நேரம் கேட்போருக்கு 80 டெசிபல் வரை தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபல் ஆனால் வாரத்திற்கு 4 மணி நேரமே கேட்கலாம். நாள்தோறும் வண்டி ஓட்டுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். காது மந்தமானால் மீண்டும் பழைய நிலைக்கு வராது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையெனில் ஒலியைக் குறையுங்கள். பின்னால் வரும் ஆம்புலன்சின் ஓசை, கயிறு தளர்ந்து தார்ப்பாய் அடிக்கும் சத்தம், டயர் காற்று இறங்கும் சத்தம், பின்னால் ஏற்றிய கன்று கத்துவது, இவை ஓட்டுநர் காதில் விழ வேண்டும். மேலும், உறக்கம் வரும்போது பாட்டைக் கூட்டி வைப்பது உறக்கத்திற்கு மாற்று ஆகாது. வண்டியை ஓரமாக நிறுத்தி உறங்கிச் செல்வதே உயிரைக் காக்கும்.

இறுதிச் சோதனை

வேலை முடிந்ததும் உள்மூடியை மாட்டுமுன் கண்ணாடியை ஐந்து முறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து கண்ணாடியின் மேல் ஒரு குவளை நீர் ஊற்றி, அது கதவின் அடித்துளை வழியே வடிகிறதா என்று பாருங்கள். பின்னர் உள்மூடியை மாட்டி, செட்டின் பாலன்ஸைத் திருப்பி ஒவ்வொரு கதவையும் தனித்தனியே கேளுங்கள். முதலில் பாட்டை வைக்காமல் பேச்சை வைத்துக் கேளுங்கள். பேச்சின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்கினால் பாட்டும் நன்றாகவே இருக்கும்.

சுருங்கச் சொன்னால், முதலில் அளவெடுத்து வாங்குங்கள். அடுத்து இடுக்கின்றிப் பொருத்துங்கள். ஆம்ப்ளிபயரைக் கடைசியில் எண்ணுங்கள். உழவர்கள் இம்முறைகளைக் கடைப்பிடித்தால் குறைந்த செலவில் தெளிவான ஒலியைப் பெறுவதோடு, வண்டியையும் காதையும் காத்துக்கொள்ளலாம்.